நகரைப் புதுப்பிக்கும் வேலையை யார் கையில் கொடுப்பது? கொங்கு ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பங்காளிகளோடு கூட்டுக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிணறு வெட்டும்போது சண்டை வராது. மோட்டார் இறக்கும் அன்றும் வராது. மோட்டார் புகைந்துபோய், ரீவைண்டிங் காசை யார் கொடுப்பது என்று கேட்கிற நாளில்தான் வரும். கரண்டு சர்வீஸ் யார் பெயரில் இருக்கிறது, வாய்க்கால் யார் காட்டில் போகிறது, முறை யாருக்கு என்று பத்து வருஷமாகக் கேட்காத கேள்வியெல்லாம் அன்றைக்கு ஒரே மூச்சில் வந்து நிற்கும்.

நகரத்தைப் புதுப்பிக்கும் திட்டங்களும் அப்படித்தான். குளக்கரை நடைபாதை, பழைய பேருந்து நிலையம், மூடிய மில், தினசரி மார்க்கெட், சாக்கடையாகிப் போன ஓடை, எதை எடுத்தாலும் வரைபடம் போடுவதும் டெண்டர் விடுவதும் சுலபமான பாதி. வேலையை எந்த அமைப்பின் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் கடினமான பாதி. அதை நாம் வழக்கமாகக் கடைசியில் யோசிக்கிறோம், அல்லது நிதி கொடுப்பவர் சொன்ன வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்.

கவுன்சிலர்கள், வியாபாரிகள் சங்கத்தார், தொழில் அமைப்புகளில் இருப்பவர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தார், நகராட்சிப் பொறியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒரு திட்டத்தைத் தொடங்கி, கட்டி, பிறகு நடத்தவும் செய்கிற அமைப்பை இங்கே 'நடத்தும் அமைப்பு' என்று சொல்கிறேன். அது மாநகராட்சியாகவே இருக்கலாம், வாரியமாக இருக்கலாம், தனிக் கம்பெனியாக இருக்கலாம், அறக்கட்டளையாகவும் இருக்கலாம். என் வாதம் ஒன்றுதான்: அமைப்பைப் பின்னாலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு யார் வேண்டும் என்று கேட்டால் தவறான பதில் கிடைக்கும். ஏழாவது வருஷம் கரண்டு பில் யார் கட்டுவார் என்று கேட்டுப் பாருங்கள்.

முதல் படி: வேலை என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

'நகர மேம்பாடு' என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது ஐந்து தனித்தனி வேலைகள் ஒளிந்திருக்கின்றன. வருமானமே வராத பொது இடத்தைச் செம்மைப்படுத்துவது ஒன்று: சாலை, பூங்கா, குளக்கரை. வாடகை வரக்கூடிய கட்டடத்தை எழுப்புவது இன்னொன்று: மார்க்கெட், வணிக வளாகம், பேருந்து நிலையம். ஓய்ந்துபோன நிலத்தின் பயன்பாட்டையே மாற்றுவது மூன்றாவது: மூடிய மில், இடம் மாறும் சிறை, பழைய குடோன். தண்ணீர், பாதாளச் சாக்கடை மாதிரி முப்பது வருஷம் ஓட வேண்டிய சேவை நான்காவது. மக்கள் குடியிருக்கும் இடத்தை மாற்றிக் கட்டுவது ஐந்தாவது.

உங்கள் திட்டம் இதில் எது என்று எழுதுங்கள். இரண்டு மூன்று கலந்திருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள் எழுத முடியவில்லையென்றால் வேலை இன்னும் தெளிவாகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும் வீண்.

இரண்டாம் படி: நிலம் யாருடையது

எல்லாத் திட்டமும் தடுக்கி விழும் இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

முதலில் காகிதங்களைச் சேருங்கள். நகர நில அளவைப் பதிவேடு, புல வரைபடம், முப்பது வருஷத்து வில்லங்கம், முதன்மைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) அந்த இடத்துக்குக் கொடுத்திருக்கும் வகைப்பாடு, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்குகள். 'நகராட்சி இடம்தாங்க' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாதீர்கள். பதிவேட்டில் பார்த்தால் பாதி வருவாய்த் துறைப் புறம்போக்காக இருக்கும், ஒரு மூலை கோவில் நிலமாக இருக்கும், நடுவே நெடுஞ்சாலைத் துறையின் கீற்று ஒன்று ஓடும்.

கோவையின் குளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி குளம் எல்லாம் ஊருக்கு நடுவே இருக்கின்றன, ஆனால் மாநகராட்சிக்குச் சொந்தமானவை அல்ல. நொய்யல் பாசன அமைப்பின் பகுதியாகப் பொதுப்பணித் துறையின் வசம் இருந்தவை. மாநகராட்சி அவற்றை நீண்ட காலக் குத்தகைக்கு வாங்கிய பிறகுதான் கரைகளில் வேலை செய்ய வழி பிறந்தது. அதிலும் வாலாங்குளத்துக்குக் குறுக்கே ரயில் பாதை போகிறது, கரையை ஒட்டிச் சுங்கம் புறவழிச்சாலை. ஒரே குளத்துக்கு எத்தனை வீட்டுக்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாதிரி இடத்தில் எவ்வளவு திறமையான தனிக் கம்பெனியை உருவாக்கினாலும், மற்ற துறைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் தெம்பு அதற்கு இல்லையென்றால் கல் பதிப்பதைத் தாண்டி அது எதுவும் செய்யாது.

செம்மொழிப் பூங்கா இன்னொரு பாடம். 2010 உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது காந்திபுரத்தில் மத்திய சிறை வளாகத்தில் அறிவிக்கப்பட்டது. அடிக்கல் விழுந்தது 2023 கடைசியில். 45 ஏக்கரில் பூங்கா திறந்தது 2025 நவம்பரில். இடையில் ஆட்சி மாறியது, முன்னுரிமைகள் மாறின, அதெல்லாம் உண்மைதான். ஆனால் அடிப்படையில் நிலம் வைத்திருந்தது சிறைத் துறை, பூங்கா வேண்டியது மாநகராட்சிக்கு. நிலம் வைத்திருப்பவருக்கு அவசரம் இல்லாத திட்டம் எதுவும் வேகமாக நகராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிச்சு மில் நிலங்கள். 1888-இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் முதல் பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ், முருகன் மில் வரை தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் வசம் உள்ள ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன, பிறகு பழையபடி முழுமையாக ஓடவேயில்லை. நகரின் நடுவே இத்தனை நிலம் இருந்தும், உரிமை மத்திய அரசு நிறுவனத்திடம், திட்ட அனுமதி மாநில அரசிடம், தெருவும் சாக்கடையும் மாநகராட்சியிடம், சம்பள நிலுவை கேட்டு நிற்பவர்கள் தொழிலாளர்கள். மும்பை இதே கேள்வியை முன்பே சந்தித்தது. 1991-இல் அங்கே வந்த விதி, மில் நிலத்தைத் திருப்பிக் கட்டும்போது மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு என்றது. 2001-இல் அந்தப் பங்கீடு காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு மட்டும்தான் என்று திருத்தினார்கள். கட்டடம் நின்ற இடமெல்லாம் கணக்கிலிருந்து வெளியே போய்விட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. நகரத்துக்கு வந்து சேர்ந்தது துண்டு துண்டாகத்தான். அங்கே மில் நிலங்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பேரம் பேச ஒரு பொது அமைப்பு இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே இந்தப் படியில் கேட்க வேண்டியது: நிலம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் சம்மதிக்காவிட்டால் வேலை நிற்கும்? அப்படி ஒருவர்தான் என்றால் அவரிடமே பேசி, அவரையே நடத்தும் அமைப்பில் பங்குதாரராக்குங்கள். நான்கைந்து பேர் என்றால் மாவட்ட ஆட்சியர் மட்டத்திலோ நகர் வளர்ச்சி ஆணையத்திலோதான் மேசை போட வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டு பணங்களைத் தனித்தனியாக எண்ணுங்கள்

கட்டும் பணம் ஒன்று. நடத்தும் பணம் வேறு. கட்டும் பணம் ஒரு தடவை வரும், பெரும்பாலும் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ. நடத்தும் பணம் வருஷா வருஷம் ஊரிலிருந்து வர வேண்டும்.

ஒரு சிறிய நகரத்தில் ஏரிக்கரை நடைபாதைக் குழுவில் சில காலம் உட்கார்ந்திருந்தேன். விளக்கு, பெஞ்சு, சிறுவர் விளையாட்டு எல்லாம் அமர்க்களமாக அமைந்தன. இரண்டாம் வருஷம் பாதி விளக்கு எரியவில்லை. விசாரித்தால் மின் இணைப்பு ஒப்பந்ததாரர் பெயரில் தற்காலிக இணைப்பாகவே இருந்திருக்கிறது. கட்டிய துறை, 'ஒப்படைத்துவிட்டோம்' என்றது. உள்ளாட்சி, 'நாங்கள் வாங்கிக்கொள்ளவே இல்லை' என்றது. இரண்டும் உண்மை. கையெழுத்து வைக்கும் காகிதம் நடுவில் ஒரு மேசையில் கிடந்தது. ஆகாயத்தாமரை மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்தது.

பத்து வருஷக் கணக்கு ஒன்று போடுங்கள். மின்சாரம், காவலாள், துப்புரவு, செடிகளுக்குத் தண்ணீர், மோட்டார், லிப்ட் பழுது, ஐந்தாம் வருஷம் பெயிண்ட், வரி. எதிர்ப்பக்கம் வாடகை, வாகன நிறுத்தக் கட்டணம், விளம்பரம், நுழைவுக் கட்டணம். வருமானத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடியும் கூட்டுங்கள். ஏன் பாதி? திருப்பூர்க் கதை வருகிறது, அதைப் படித்தால் புரியும்.

வருமானம் செலவைத் தாங்காது என்றால், தனிக் கம்பெனி வைப்பதில் பொருளில்லை. வருமானம் இல்லாத கம்பெனி ஒவ்வொரு வருஷமும் மாநகராட்சியிடம் கையேந்தும். அப்படியானால் முதலிலிருந்தே மாநகராட்சி வேலையாகவே வைத்துக்கொள்வது நேர்மை.

நான்காம் படி: யார் யார் இருக்கிறார்கள்

மாநகராட்சி அல்லது நகராட்சி. இவர்களை நாம் வேண்டுமென்றே முதலில் தள்ளிவிடுகிறோம், 'அங்கே வேலை நடக்காதுங்க' என்று. ஆனால் சாலை, பூங்கா, மழைநீர் வடிகால் மாதிரி வருமானமில்லாத, என்றென்றும் பராமரிக்க வேண்டிய வேலைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. கவுன்சிலரைத் தெருவில் நிறுத்திக் கேட்க முடியும், கம்பெனி இயக்குநரை அப்படிக் கேட்க முடியாது. பலவீனம் எங்கே என்றால் ஆள் பற்றாக்குறையில். நூறு வார்டு உள்ள கோவையிலேயே பொறியாளர்களுக்கு அன்றாட வேலை தலைக்கு மேல். அதற்கு மருந்து, உள்ளே ஒரு தனிப் பிரிவு: அந்தத் திட்டத்தைத் தவிர வேறு கோப்பு தொடாத ஐந்தாறு பேர். புதுக் கம்பெனி தேவைப்படாது.

நகர வளர்ச்சி ஆணையம். கோவை, திருப்பூர் போன்ற நகரங்களுக்கு நகர் வளர்ச்சி ஆணையங்கள் அமைக்கப்படும் என்று 2022-இல் அரசு அறிவித்தது. கோவை இருபது வருஷத்துக்கு மேல் 1994-ஆம் வருஷத்து முதன்மைத் திட்டத்தை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்த ஊர், 2041-ஐ நோக்கிய வரைவு 2024-இல்தான் வெளியானது. மாநகராட்சி எல்லை தாண்டும் வேலை, நிலப் பயன்பாட்டை மாற்றும் வேலை, பல துறை நிலங்களைச் சேர்க்கும் வேலை இவற்றுக்கு ஆணையம்தான் இடம். தெருவிளக்கு பராமரிக்க அதைக் கூப்பிடாதீர்கள்.

வாரியங்கள். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று அழைக்கப்படும் அமைப்புக்கு வீடு கட்டும் அனுபவம் நிறைய. தண்ணீருக்குக் குடிநீர் வடிகால் வாரியம். இவர்கள் ஒரு வேலையை நன்றாகச் செய்வார்கள். வீடு கட்டச் சொன்னால் வீடு வரும். பக்கத்தில் பள்ளிக்கூடமும் பஸ்ஸும் வருமா என்பது அவர்கள் கேள்வி அல்ல, யாராவது அதைக் கேட்க வேண்டும்.

சிறப்பு நோக்க நிறுவனம், அதாவது எஸ்.பி.வி.: ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்றே அரசு தொடங்கும் தனிக் கம்பெனி. இங்கேதான் கொங்கு நாட்டு அனுபவம் கனமானது. மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கோவை 2016 ஜனவரியில் முதல் பட்டியலிலேயே தேர்வானது. அதே வருஷம் சேலம், 2017-இல் திருப்பூர், 2018-இல் ஈரோடு. ஒவ்வொன்றுக்கும் மாநில அரசும் மாநகராட்சியும் பாதிப் பாதிப் பங்கு வைத்த கம்பெனி. மத்திய அரசிடமிருந்து ஐந்து வருஷத்தில் 500 கோடி ரூபாய் வரை, அதற்கு இணையாக மாநிலமும் உள்ளாட்சியும். வேகம் வந்தது, மறுக்க முடியாது. கோவைக் குளக்கரைகள், ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோடு மாதிரிச் சாலை, சேலம் ஈரடுக்குப் பேருந்து நிலையம், ஈரோடு பெரும்பள்ளம் ஓடை எல்லாம் அப்படி வந்தவை.

ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நகர உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். அதாவது எஸ்.பி.வி.கள் மும்முரமாக முடிவெடுத்த ஐந்து வருஷத்துக்கும் மேலான காலம் முழுக்கக் கவுன்சிலர்களே கிடையாது. மாநகராட்சியின் பாதிப் பங்கு என்பது அதிகாரிகளின் பாதியாகத்தான் இருந்தது. குளக்கரையில் கான்கிரீட் அதிகம் என்று சூழல் ஆர்வலர்கள் கத்தினார்கள், அதை மன்றத்தில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. புதிய கவுன்சிலர்கள் வந்தபோது பெரும்பாலான ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. அப்புறம் 2025 மார்ச் 31-உடன் திட்டமும் முடிந்தது. கட்டும் பணத்துக்காகப் பிறந்த கம்பெனியிடம் நடத்தும் பணத்துக்கு என்ன வழி என்று கேட்டால் விழிக்க வேண்டியிருக்கிறது.

எஸ்.பி.வி. கெட்டது என்று சொல்ல வரவில்லை. அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரைக்காக 1997-இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள், முழுப் பங்கும் மாநகராட்சியுடையது. ஒரே ஆறு, ஒரே வேலை, நிலம் கையில், வருமானத்துக்கு வழி. அப்படி இருந்தால் கம்பெனி வடிவம் பொருந்தும். ஒரே கம்பெனியின் தலையில் தெருவிளக்கு, குளம், கட்டுப்பாட்டு அறை, மார்க்கெட் என்று ஐம்பது வேலையைக் கட்டினால் அது இன்னொரு மாநகராட்சியாகத்தான் மாறும், தேர்தல் மட்டும் இருக்காது.

தனியாருடன் கூட்டுக் கம்பெனி. இதற்கு இந்தியாவே பார்த்த உதாரணம் நம் திருப்பூர். 1990-களில் பனியன் ஏற்றுமதி ஏறுமுகம், சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் லாரியில் வந்த காலம். 1995-இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. மாநில அரசும், ஐ.எல்.எஃப்.எஸ். நிதி நிறுவனமும், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் கைகோத்தார்கள். பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர், முப்பது வருஷ உரிமை, செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். தொழிற்சாலைகள் கொடுக்கும் கூடுதல் கட்டணம், வழியில் உள்ள கிராமங்களுக்கும் நகரத்துக்கும் போகும் வீட்டுத் தண்ணீரின் குறைந்த விலையைத் தாங்கும் என்பது கணக்கு.

கணக்கு அழகானது. தண்ணீரும் வந்தது, இன்றும் வருகிறது. ஆனால் தொழிற்சாலைகள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் கட்டாயம் வந்தபோது புதுத் தண்ணீரின் தேவை குறைந்தது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளே மூடப்பட்டன. கடன் தவணை மட்டும் நிற்கவில்லை, கழகத்தின் கடனைத் திருத்தி அமைக்க வேண்டி வந்தது. 2018-இல் ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனமே சரிந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. வருமானம் ஒரே தொழிலை நம்பியிருந்தால் அந்தத் தொழிலின் காய்ச்சல் உங்கள் குழாய்க்கும் வரும். இரண்டாவது, சங்கத்தை உள்ளே சேர்த்தது வீண்போகவில்லை. தண்ணீர் வேண்டியவர்களே மேசையில் இருந்ததால்தான் அந்தத் திட்டம் பிறக்கவே முடிந்தது.

உறுப்பினர் கம்பெனி. அதே திருப்பூரில், அதே சாயப்பட்டறைக்காரர்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பதினெட்டும் அந்தந்தப் பகுதிப் பட்டறைகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிகள். 2011 மூடலுக்குப் பிறகு கழிவுநீர் சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறித்தான் திரும்பத் திறந்தார்கள், அரசும் வட்டியில்லாக் கடன் கொடுத்துத் தாங்கியது. செலவு கடுமை, உறுப்பினர்களுக்குள் இழுபறி உண்டு, நொய்யலின் காயமும் இன்னும் ஆறவில்லை. ஆனால் யார் பணம் கட்டுகிறாரோ அவரே நடத்துகிறார் என்ற ஒரு குணம் இதில் இருக்கிறது. பவர்லூம் பகுதி, லேத் பட்டறைத் தெரு, மொத்த வியாபாரச் சந்தை மாதிரி ஒரே தொழிற்காரர் கூடியிருக்கும் இடத்தைப் புதுப்பிக்க இந்த வடிவத்தை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்று எனக்கு ஆச்சரியம்.

அறக்கட்டளை, சங்கம். கோவையில் 2003-இல் தொடங்கிய சிறுதுளி குளங்களுக்காகச் செய்ததைப் போல, தொழிலதிபர்களும் பொதுமக்களும் சேர்ந்து தூர் வாருவது, மரம் நடுவது கொங்கு மண்ணுக்குப் பழக்கம். 'நமக்கு நாமே' திட்டத்தில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். சின்ன வேலை, நிலத் தகராறு இல்லாத வேலை என்றால் இதைவிட வேகமானது எதுவுமில்லை. யாரையாவது காலி செய்ய வேண்டிய வேலையை மட்டும் இவர்களிடம் கொடுக்காதீர்கள். அது அரசின் பொறுப்பு, அரசே பதில் சொல்லட்டும்.

கடன் கொடுப்பவர்களைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் 1996 முதல் உள்ளாட்சிகளுக்குக் கடன் கொடுத்து வருகிறது. 2002-இல் பதின்மூன்று சிறு உள்ளாட்சிகளை ஒரே கட்டாகக் கட்டி, சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். தனியாகப் போனால் வங்கி வாசல்கூடத் திறக்காத ஊர்கள் அவை. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் அளவுள்ள நகராட்சிகள் ஆளுக்கொரு கம்பெனி தொடங்குவதைவிட இப்படிச் சேர்ந்து கடன் வாங்குவது உருப்படியான யோசனை.

ஐந்தாம் படி: அதிகாரத்தைப் பட்டியல் போடுங்கள்

கோனியம்மன் தேரை இழுப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் சிலர்தான், ராஜவீதி முக்கில் தேர் திரும்புவது அவர்கள் கையில் இருக்கிறது. நடத்தும் அமைப்புக்கு எந்த அதிகாரம், மன்றத்தின் கையில் எந்தக் கட்டை என்று பிரித்து எழுதுங்கள்.

திட்ட அனுமதி, டெண்டர், ஆள் நியமனம், கட்டணம் விதித்தல், கடன் வாங்குதல், நிலத்தைக் குத்தகைக்கு விடுதல். இந்த ஆறில் எது யாரிடம்? லண்டன் துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்க 1981-இல் அமைத்த கழகத்துக்கு, உள்ளூர் மன்றங்களிடமிருந்த திட்ட அனுமதி அதிகாரத்தையே பிடுங்கிக் கொடுத்தார்கள். கட்டடங்கள் விரைவாக எழுந்தன, பழைய குடிகள் எங்களைக் கேட்கவேயில்லை என்று கடைசிவரை கசந்தார்கள். ஆனால் ஒன்று சரியாக நடந்தது: 1998-இல் கழகம் கலைக்கப்பட்டு அதிகாரம் மன்றங்களுக்கே திரும்பியது.

என் யோசனை: டெண்டரும் ஆள் நியமனமும் அமைப்புக்கு. கட்டணமும் குத்தகையும் மன்றத்தின் ஒப்புதலோடு. நில விற்பனை அமைப்புக்கு ஒருக்காலும் வேண்டாம். எந்த வடிவமானாலும் 1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைச் சட்டமும் தகவல் உரிமைச் சட்டமும் பொருந்தும் என்று முதல் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு வாதாட வேண்டியிருக்காது. ஆணையரே கம்பெனியின் நிர்வாக இயக்குநராகவும் இருந்தால், பில் அனுப்புபவரும் பில் பாஸ் செய்பவரும் ஒரே ஆள். அதைத் தவிருங்கள்.

ஆறாம் படி: நகர்த்தப்படுபவர்களுக்கு யார் பதில் சொல்வது

கோவைக் குளக்கரைகளில் குடியிருந்தவர்களுக்கு மலுமிச்சம்பட்டி, கீரணத்தம் போன்ற நகர விளிம்புகளில் வாரிய வீடு கிடைத்தது. குளம் அழகானது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் துலக்கியவருக்கும் பொழப்பு பஸ் டிக்கெட் தூரத்துக்குப் போய்விட்டது. குளத்தைக் கட்டியது ஒரு அமைப்பு, வீடு கொடுத்தது இன்னொன்று, பஸ் விடுவது மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல ஒருவர் இல்லை.

வியாபாரிகளுக்கும் இதே கதை. தரைக்கடை போட்டவரை ஷெட்டுக்கு மாற்றி, புது வளாகம் எழுந்தபின் வைப்புத்தொகையைக் கேட்டால் அவர் மயங்கி விழுவார். அதனால் வாடகையும் வைப்புத்தொகையும் என்னவாக இருக்கும் என்பதை இடிக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் பத்தில் நான்கு பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அந்தக் குழு கூடுகிறதா என்று பாருங்கள். கூடாவிட்டால் கூட்டச் சொல்லுங்கள்.

தேர்ந்தெடுக்கும் அமைப்புக்குள்ளேயே நகர்த்தப்படுபவர்களுக்கு என்று ஒரு அதிகாரி, ஒரு மேசை, ஒரு பதிவேடு வேண்டும். அதை ஏற்க மறுக்கும் அமைப்பை விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: கையெழுத்துக்கு முன்

பத்திரத்தில் நான் தேடுபவை சில. கலைப்புத் தேதி இருக்கிறதா? கலைந்தால் சொத்து, கடன், ஊழியர் யாருக்கு? மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் முதல் நாளிலிருந்தே யார் பெயரில்? நடத்தும் செலவுக்கு மூன்று வருஷத் தொகை தனிக் கணக்கில் கட்டப்பட்டிருக்கிறதா? இயக்குநர் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? மாநகராட்சி மன்றத்தின் முன் வருஷம் ஒருமுறை கணக்கு வைக்க வேண்டும் என்று இருக்கிறதா? ஒப்படைப்பின்போது கூட்டு ஆய்வு யார் யார் செய்வது? முப்பது வருஷ ஒப்பந்தமானால், வருமானம் குறைந்தால் நட்டம் யாருக்கு என்ற பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள், முடிந்தால் ஊர் ஆடிட்டர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கற்பனை ஊரில் போட்டுப் பார்ப்போம்

நடுத்தர நகராட்சி ஒன்று. பன்னிரண்டு ஏக்கர் மூடிய மில், தனியார் குடும்பத்துடையது, பங்காளிகள் மூன்று பேர். பக்கத்தில் நகராட்சி வாரச்சந்தை. இரண்டுக்கும் நடுவே பள்ளம் ஒன்று, மழைக்காலத்தில் ஓடை, மற்ற நாளில் சாக்கடை. ஓடைக்கரையில் நாற்பது வீடு. எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பிக்க ஆசை.

ஒரே எஸ்.பி.வி. போதும் என்று ஆலோசகர் சொல்வார். நான் பிரிப்பேன். ஓடை நகராட்சிக்கு, ஏனென்றால் அது என்றென்றும் தூர் வார வேண்டிய வேலை. சந்தை, கடைக்காரர்களும் நகராட்சியும் சேர்ந்த ஒரு சிறிய கம்பெனிக்கு, நிலம் நகராட்சியின் பெயரிலேயே இருக்க வேண்டும். மில் நிலத்தை வாங்க வேண்டாம். ஆணையத்திடமோ நகர் ஊரமைப்புத் துறையிடமோ போய், நிலப் பயன்பாட்டை மாற்றித் தருவதற்குப் பதிலாகச் சாலைக்கும் திறந்தவெளிக்கும் வீடுகளுக்கும் ஒரு பகுதியை விட வேண்டும் என்று பங்காளிகளோடு பேரம் பேசலாம். மூன்று பங்காளிகளும் ஒரே நாளில் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் வெளியூர் என்றால் அவர் வரும்வரை காத்திருங்கள். நாற்பது வீட்டுக்கு மில் நிலத்தில் கிடைத்த பகுதியிலேயே வாரியம் கட்டட்டும். அவர்கள் சந்தையில் வேலை செய்பவர்கள், அதே தெருவில்தான் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, மாதம் ஒருமுறை கூடும் ஒரு குழு. ஆட்சியர் அல்லது அவர் நியமிக்கும் ஒருவர் தலைமை, நகர்மன்றத் தலைவர், வாரியப் பொறியாளர், சந்தைக் கம்பெனியிலிருந்து ஒருவர், ஓடைக்கரை வீடுகளிலிருந்து இரண்டு பெண்கள். அதற்குக் கம்பெனிச் சட்டப் பதிவு வேண்டாம், நல்ல மினிட்ஸ் புத்தகம் ஒன்று போதும். முதல் கூட்டத்தின் முதல் பொருளாக, சந்தை விளக்குக்கும் ஓடை மோட்டாருக்கும் மின் இணைப்பு விண்ணப்பம் யார் பெயரில் என்பதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.